மர்காவுக்கு எத்தனை வயசு?

போன மாதம் என் மகள் என்னைக் கடற்கரைப் பக்கம் ஓர் ஐஸ்கிரீம் கடைக்கு அழைத்துப்போனாள். "அப்பா, புகை வர்ற ஐஸ்கிரீம். நீ பாத்திருக்கவே மாட்ட" என்றாள். கடைக்காரர் கறுப்பு உடுப்பும் கையுறையுமாக வந்து மேசைக்கு மேல் ஓர் அலுமினியக் கேனைச் சாய்த்தார். வெள்ளைப் புகை குபுகுபுவென்று பொங்கித் தரைவரை வழிந்தது. சுற்றியிருந்தவர்களெல்லாம் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தக் கேனை எனக்கு நன்றாகத் தெரியும். திரவ நைட்ரஜன். ஆறு வருடம் அதை சைக்கிள் டியூபால் மொபெட்டின் பின்னால் கட்டிக்கொண்டு புதுச்சேரி முழுக்கச் சுற்றியவன் நான். என்ன, என் கேனுக்குள் இருந்தது காளைகளின் விந்து. இதை மகளிடம் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அதற்குள் அவள் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோய்விட்டாள். பாவம், நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று விட்டுவிட்டேன். உங்களிடம் சொல்லலாம்.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. மாட்டாஸ்பத்திரியில் சினை ஊசி போடுகிற வேலை எனக்குப் புதிதாகக் கிடைத்திருந்தது. அரியாங்குப்பத்தில் வீடு. காலையில் பாலத்தைத் தாண்டி டவுனுக்கு வந்தால் மாலையில்தான் திரும்புவேன். பெண் பார்க்கப் போன இடங்களில் "பையனுக்கு என்ன வேலை" என்று கேட்டால் என் அம்மா "ஆஸ்பத்திரில" என்று சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றிவிடுவார். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்கிற அளவுக்கு விவரமான சம்பந்தி அமைந்தால் காபியோடு எழுந்து வரவேண்டியதுதான். இரண்டு இடத்தில் அப்படி வந்திருக்கிறோம்.

அப்போதெல்லாம் டவுனுக்குள்ளேயே மாடு இருந்தது. நெல்லித்தோப்பில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்கவேண்டிய சந்துகளில்கூட, வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையும் அதற்குள் ஒரு ஜெர்சிக் கலப்புப் பசுவும் இருக்கும். மாடு வீட்டின் நடை வழியாகத்தான் வெளியே வரும். அலமாரியில் இடிக்காமல், வழியில் கிடக்கிற செருப்பை மிதிக்காமல், டிவி பார்க்கிறவர்களைத் தொந்தரவு செய்யாமல் நடந்து போகப் பழகிய மாடுகள் அவை. அந்த நாகரிகம் எனக்கே கிடையாது.

அப்படி ஒரு வீடுதான் லூயி முசியேவுடையது. முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா. பிரெஞ்சு நேஷனாலிட்டிக்காரர், அதாவது புதுச்சேரியிலேயே இருந்தாலும் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருந்தவர். பிரான்ஸ் ராணுவத்தில் சொல்தாவாக இருந்து ஓய்வு பெற்று, பென்ஷனில் வாழ்ந்தவர். எழுபதை நெருங்கிய வயதிலும் முதுகு வளையாது. சட்டையை டவுசருக்குள் விட்டு பெல்ட் போட்டுக்கொண்டுதான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார். அவர் மனைவி ரெஜினாம்மா. சாணி அள்ளுவது, பால் கறப்பது, தெருவுக்கு ஊற்றுவது எல்லாம் அவர்தான். முசியே மேற்பார்வை. ஒரே மகன் பிரான்ஸில் தூலோன் என்ற ஊரில் வேலை பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வான். "அங்க ஏன் ரெண்டு பேரும் தனியா கெடக்கறீங்க, வந்துடுங்க" என்பான். முசியேவும் "வர்றோம், வர்றோம்" என்பார். தெரு முழுக்க அதைச் சொல்லியும் வைத்திருந்தார்.

ரெஜினாம்மாவுக்குப் போக விருப்பமில்லை. அதை அவர் வாயால் சொல்லிச் சண்டை போடுகிறவரும் இல்லை. ஆனால் அவர் பிறந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. சினை மாட்டை விற்கமாட்டார்கள். வயிற்றில் கன்றோடு ஒரு பசுவை வாசல் தாண்டி அனுப்பினால் வீட்டு லட்சுமியே போய்விடும் என்று நம்பிய குடும்பம். ஞானஸ்நானம் வாங்கி மூன்று தலைமுறை ஆகியும் லட்சுமி மட்டும் அந்த வீட்டைவிட்டுப் போகவில்லை. முசியேவும் அந்த ஒரு விஷயத்தில் மனைவியை மீறமாட்டார். கொட்டகையில் இருந்த கறவை மாடு கிழடு, இனிச் சினை பிடிக்காது; மற்றது இன்னும் கன்றே போடாத ஓர் இளம் கிடேரி. எனவே கணக்கு சுலபம். கிடேரி சினைப்பட்டால், கன்று போடும்வரை அவர்கள் புதுச்சேரியில். படாவிட்டால் அதை விற்றுவிட்டு தூலோனுக்கு விமானம். ரெஜினாம்மா தன் மிச்ச வாழ்க்கையை எந்த ஊரில் கழிப்பது என்பது என் கேனுக்குள் இருந்தது. அது தெரியாமலேயே நான் அந்த வீட்டுக்குள் விசிலடித்துக்கொண்டு போனேன்.

கிடேரியின் பெயர் மர்கரீத். எல்லோருக்கும் மர்கா. செம்பழுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளை, மை தீட்டின மாதிரிக் கண். தினமும் காலையில் முசியே கடையிலிருந்து நீள ரொட்டி வாங்கி வருவார். பாதி அவருக்கு, பாதி அதற்கு. தண்ணீரில் நனைத்துத்தான் கொடுக்கவேண்டும். காய்ந்த ரொட்டியைக் கொடுத்தால் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அத்தனை செல்லம்.

முதல் நாள் ரெஜினாம்மா என்னிடம், "தம்பி, மூணு தடவ கத்திடிச்சி. வழும்பும் கண்ணாடியாட்டம் வருது. ஊசி போட்டுடு" என்றார். கத்துவதும் கண்ணாடி மாதிரிச் சளி வடிவதும் மாடு பருவத்துக்கு வந்ததற்கு அடையாளம்.

நான் படித்த படிப்பெல்லாம் நினைவுக்கு வந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு "வயசு எவ்ளோ ஆவுது?" என்றேன்.

"பதினெட்டு மாசம்" என்றார் அவர்.

"பதிமூணு" என்றார் முசியே. சொன்னதோடு நிற்காமல் உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்துவந்தார்.

நேஷனாலிட்டி குடும்பங்களில் லிவ்ரே என்று ஒன்று இருக்கும். குடும்பப் புத்தகம். கல்யாணம், பிறப்பு, இறப்பு எல்லாம் அதில் ஏறவேண்டும், இல்லாவிட்டால் நடக்கவில்லை என்று அர்த்தம். பிரெஞ்சுக்காரன் போய் எத்தனையோ வருடம் கழித்தும் இந்த ஊரில் காகிதத்துக்கு இருந்த மரியாதை மனிதனுக்கு இருந்ததில்லை. முசியே தன் மாடுகளுக்கும் ஒரு லிவ்ரே வைத்திருந்தார். பெயர், தாய், நிறம், பிறந்த தேதி, கீழே நீல மையில் கையெழுத்து. மர்காவின் பக்கத்தைத் திறந்து என் முன்னால் நீட்டினார். கணக்குப் போட்டேன். பதிமூன்றுதான்.

"நான்தாம்பா கன்ன வெளில இழுத்தேன். மாதா கோயில் கொடியேத்துன அன்னிக்கி" என்றார் ரெஜினாம்மா.

முசியே கையெழுத்தைத் தட்டிக் காட்டினார். நான் யார் பக்கம் சாய்ந்தேன் என்று சொல்லவே வேண்டாம். கையெழுத்து, தேதி, அடிக்கோடு. பால் கறக்கிற அம்மாவின் வார்த்தை இதற்கு முன்னால் எம்மாத்திரம்? தையல்காரர் டேப்பை எடுத்து மார்புச் சுற்றளவைப் பார்த்தேன். அதை வைத்துக் கணக்கிட்டால் எடை சினைக்குப் போதுமான அளவு வந்தது. பதிமூன்று மாதக் கிடேரிக்கு இது அதிகம் என்று மண்டையில் உறைத்திருக்கவேண்டும். ரொட்டி தின்று வளர்ந்த உடம்பு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். "சின்னப் பொண்ணும்மா. பதினெட்டு ஆவட்டும். அவசரப்பட்டா கன்னு போடறப்ப கஷ்டப்படும்" என்று பெரிய மனிதன் மாதிரிச் சொன்னேன். ரெஜினாம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் ஓர் ஆசை இருந்தது. ஐந்து மாதத்தில் கால்நடைக் கண்காட்சி வந்தது. பல் போடாத, அதாவது பால்பல் விழுந்து பெரிய பல் முளைக்காத கிடேரிகளுக்கு ஒரு தனிப் பிரிவு. மர்காவின் அழகுக்கு முதல் பரிசு நிச்சயம். என் ஏரியா கிடேரி என்று எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரிடம் நெஞ்சை நிமிர்த்தலாம். முசியே எல்லோரிடமும் சொன்ன திட்டம் வேறு. பரிசு வாங்கிய கையோடு அங்கேயே நல்ல இடமாகப் பார்த்து விற்றுவிட்டு விமானம் ஏறலாம். ஆக, ஆண்கள் இரண்டு பேருக்கும் அந்தத் தேதி வசதியாக இருந்தது. மர்கா இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை தெருவே கேட்கக் கத்திக்கொண்டிருந்தது. ரெஜினாம்மா ஒவ்வொரு முறையும் ஆளனுப்பினார். நான் ஒவ்வொரு முறையும் போய் "இன்னும் கொஞ்சம் பொறுங்கம்மா" என்றேன்.

கண்காட்சி அன்று மர்கா வந்ததைப் பார்க்கவேண்டும். சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டி, கொம்புக்குத் தேங்காயெண்ணெய் பூசி, கழுத்தில் சாமந்தி மாலை. முசியே தன் ராணுவ மெடல்களில் ஒன்றைச் சட்டையில் குத்திக்கொண்டு கயிற்றைப் பிடித்திருந்தார். பரிசு மாட்டுக்கா முசியேவுக்கா என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். விற்பனைக்கு என்று தெரிந்து மூன்று பேர் அப்போதே சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

நடுவராக வந்த பெரிய டாக்டர் மர்காவைத் தடவிக்கொடுத்தார், பின்னால் போய்ப் பார்த்தார், புன்னகைத்தார். பிறகு கட்டைவிரலால் அதன் கீழுதட்டை விலக்கினார். புன்னகை போய்விட்டது. இரண்டு பெரிய பற்கள், புத்தம் புதிதாக, வெள்ளை வெளேரென்று நின்றுகொண்டிருந்தன.

"இது ரெண்டு பல்லு. ரெண்டு வயசை ஒட்டின கிடேரி. இந்தப் பிரிவுல எப்படி நிறுத்துனீங்க?" என்றார்.

முசியே சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

"மாட்டோட சர்ட்டிபிகேட் அதோட வாயில இருக்குங்க" என்றார் டாக்டர். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "ரெண்டு வயசு வரைக்கும் வெறும் வயித்தோட வச்சிருக்கீங்க. கொழுப்பு ஏறிக் கெடக்கு. இன்னும் தள்ளினா செனையே நிக்காது." எனக்குக் காது சூடானது. கயிற்றைச் சுற்றி நின்ற மூன்று பேரும் எப்போது போனார்கள் என்றே தெரியவில்லை. வயது தாண்டிய வெறும் கிடேரியை யார் வாங்குவார்?

வீட்டுக்கு வந்ததும் விஷயம் வெளியே வந்தது. மர்கா பிறந்தபோது முசியே ஊரிலேயே இல்லை. மகனைப் பார்க்கத் தூலோனுக்குப் போயிருந்தார். ஐந்து மாதம் கழித்துத் திரும்பிவந்து, கன்றைப் பார்த்த நாளைத்தான் பிறந்த தேதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

"ஏன் முசியே?" என்றேன், அழாத குறையாக.

"என் கண்ணால பாக்காத ஒண்ணுக்கு நான் எப்டி கையெழுத்து போடறது?" என்றார். பொய் சொல்கிற முகம் இல்லை அது. அந்தத் தேதியை அவர் உண்மையாகவே நம்பிவிட்டிருந்தார். கையெழுத்துப் போட்டாயிற்று அல்லவா?

ரெஜினாம்மா மர்காவின் கழுத்து மாலையைக் கழற்றி அதற்கே தின்னக் கொடுத்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அப்போதுதான் பக்கத்து வீட்டு அம்மா மூலம் அந்தச் சினை மாட்டு வழக்கமும் தூலோன் கதையும் எனக்கு முழுதாகத் தெரிந்தது. ஐந்து மாதமாக நான் தள்ளிப்போட்டது எதை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அடுத்த முறை மர்கா கத்தியபோது யாரும் அழைப்பதற்கு முன்பே போய் நின்றேன். எந்தக் காளை என்பது கேள்வி. காளைகளின் படமும் எண்ணும் போட்ட அட்டை ஒன்று என்னிடம் இருக்கும். முசியே மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை போட்டோ பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகப் பார்த்து, கடைசியில் கறுப்பும் வெள்ளையுமாக மலைபோல நின்ற ஒரு ஹோல்ஸ்டீனின் மேல் விரலை வைத்தார். "பிரான்ஸ்ல எல்லாம் இதுதான். பால் கொட்டும்."

முன்பென்றால் நானும் தலையாட்டியிருப்பேன். இப்போது ரெஜினாம்மாவைப் பார்த்தேன். "நீங்க சொல்லுங்கம்மா."

அவர் மர்காவின் இடுப்பெலும்புகளுக்கு நடுவே கையை விரித்து வைத்துக் காட்டினார். ஒரு சாண், அதற்குமேல் இரண்டு விரல். "இவ எலும்பு சின்னது. மொத ஈத்து. அந்த ராட்சசன் கன்னு இந்த வழியா எப்டி வரும்? செனையாவுறது மட்டும் போதுமா, பொழச்சி எழுந்திருக்க வேணாமா? சின்னக் கன்னா போடற காளையாப் பாரு. பாலெல்லாம் அடுத்த ஈத்துல பாத்துக்கலாம்."

அதுதான் சரி. பாடப் புத்தகத்திலும் அதுதான் இருந்தது, நான்தான் அந்தப் பக்கத்தை மறந்திருந்தேன். சின்னக் கன்றுகளுக்குப் பெயர் வாங்கிய ஒரு ஜெர்சிக் காளையின் குச்சிகள் என் கேனில் இரண்டே இரண்டு இருந்தன. குச்சி என்றால் தீக்குச்சியைவிடக் கொஞ்சம் நீளமான மெல்லிய குழாய், அதற்குள்தான் உறைந்த விந்து. காலையில் கத்திய மாட்டுக்குச் சாயங்காலம் போட்டேன். இருபத்தோராம் நாள் மர்கா மறுபடி கத்தியது. நிற்கவில்லை. கொழுப்பு.

முசியே கையைக் கட்டிக்கொண்டு அறிவித்தார். "இன்னும் ஒரே தடவ. நிக்கலன்னா, என்ன வெல வந்தாலும் தள்ளிட்டுக் கெளம்பறோம். பையன்கிட்ட சொல்லிட்டேன்."

ரெஜினாம்மா அதற்கும் சரி என்றார். அந்தப் பருவத்தை விட்டுவிட்டு மர்காவை இளைக்கவைக்க ஆரம்பித்தார். தினமும் காலையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நெல்லித்தோப்பின் அத்தனை சந்துகளிலும் நடத்தினார். புண்ணாக்கு நின்றது. ரொட்டியும் நின்றது. ரொட்டியை நிறுத்தியவர் முசியேதான். மர்கா கண்ணை உருட்டிப் பார்த்தாலும் திரும்பிக்கொள்வார். கிளம்பப்போகிற மனிதர் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறார் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

கடைசிக் குச்சியை எடுத்தேன். வெந்நீரில் போட்டு விநாடி எண்ணி, துடைத்து, துப்பாக்கி என்று நாங்கள் சொல்கிற நீளக் கருவியில் ஏற்றினேன். ரெஜினாம்மா மர்காவின் நெற்றியில் தன் நெற்றியை வைத்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். மாதாவிடமா லட்சுமியிடமா தெரியாது, இரண்டு பேரிடமும் இருக்கலாம்.

இருபத்தொரு நாள் போனது. தெரு அமைதி. நாற்பத்திரண்டு போனது. அப்போதும் அமைதி. மூன்று மாதம் முடிந்ததும் தோள்வரை கையுறையை மாட்டிக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்துக் கையை உள்ளே விட்டேன். இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். விரலுக்கு அடியில் சின்னப் பந்துபோல, நீர் கோத்துத் தளும்புகிற ஒன்று தட்டுப்பட்டது. தலையை மட்டும் ஆட்டினேன். ரெஜினாம்மா சாணியும் சோப்புமாக இருந்த என் கையை அப்படியே பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முசியே "போன் பண்ணணும், பையன் காத்துட்டிருப்பான்" என்று உள்ளே போய்விட்டார். ஏமாற்றத்தை மறைக்கப் போகிறார் என்று நினைத்து அவருக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டேன்.

மர்கா ஒரு மத்தியானத்தில் கன்று போட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சின்னக் கிடேரிக் கன்று, ஒரு கையில் தூக்கலாம் போல. முசியே நோட்டும் கைக்கடிகாரமுமாக நின்றுகொண்டிருந்தார். நேரத்தைக்கூட எழுதினார். எழுதிவிட்டு நோட்டை மனைவியிடம் நீட்டி, "நீயும் போடு" என்றார். ரெஜினாம்மா சீம்பால் ஒட்டிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

கன்று பால் குடிக்கிறது, இப்போது எப்படிப் போவது என்று மூன்று மாதம் ஓடியது. அதற்குள் மர்கா மறுபடி பருவத்துக்கு வரவேண்டும். ஒருநாள் காலை ஆஸ்பத்திரி வாசலில் முசியே மொபெட்டை நிறுத்திவிட்டு மூச்சு வாங்க நின்றார். சட்டைகூட டவுசருக்குள் இல்லை.

"மாடு கத்துது. ரெஜினா வேளாங்கண்ணிக்குப் போயிருக்கா, நாளைக்குத்தான் வருவா. சாயங்காலம் வந்து போட்டுடு. தவறிட்டா இன்னும் மூணு வாரம் ஆயிடும்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இப்ப விட்டாத்தானே முசியே நீங்க வித்துட்டுப் போவ முடியும்?"

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். "அங்க அஞ்சு மாசம் இருந்தவன் நான். அவனும் மருமவளும் வேலைக்குப் போயிடுவாங்க. ஜன்னல்ல நின்னா காரு போவும், காரு வரும். யார்கிட்ட பேசறது? வித்துட்டு வர்றேன் வர்றேன்னு ஊரெல்லாம் சொன்னது அவனுக்காகத்தான். அப்பா வரமாட்டேன்னு சொன்னா புள்ள மனசு நோவும். அம்மா வரமாட்டேங்கறா, மாடு செனையா இருக்குன்னா நோவாது." கிளம்பப் போனவர் திரும்பிவந்தார். "நான் வந்தேன்னு அவகிட்ட சொல்லாத. அவளுக்காக இருக்கேன்னே இருக்கட்டும்."

அன்று சாயங்காலம் போட்டேன். அதற்கப்புறம் வருடா வருடம் அந்த வீட்டில் ஏதாவது ஒரு மாடு சினையாகவே இருந்தது. ரெஜினாம்மா ஒருமுறை ஆளனுப்புவார். அதற்கு அரைமணி முன்பே முசியே வந்து சொல்லிவிட்டுப் போயிருப்பார். நான் இருவரிடமும் முதல்முறை கேட்பதுபோலக் கேட்டுக்கொள்வேன். என் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த நடிப்பு அது.

அந்தப் பத்தாண்டின் கடைசியில் முசியே தன் கட்டிலிலேயே, தூக்கத்திலேயே போய்விட்டார். மகன் வந்து எல்லாவற்றையும் முடித்தான். மாடுகள் கருவடிக்குப்பத்தில் தெரிந்தவர் வீட்டுக்குப் போயின. அந்த வருடம் மட்டும் எதுவும் சினையில்லை. ரெஜினாம்மா மகனோடு கிளம்புகிற அன்று நான் போயிருந்தேன். கார் வாசலில் நின்றது. அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்த மனுசனுக்கு அங்க போவணும்னு எவ்ளோ ஆச தெரியுமா தம்பி. மாட்ட சாக்கு வச்சி நான்தான் புடிச்சி வச்சிட்டேன். பாவம் பண்ணிட்டேன்" என்று அழுதார்.

கொடுத்த வாக்கை என்னால் அதற்கு மேல் காப்பாற்ற முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேளாங்கண்ணிக்குப் போன நாள், மொபெட், அரைமணி முன்னதாக வந்தது, எல்லாம். அவர் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு "திருட்டு மனுசன்" என்றார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். மகன் என்னவென்று கேட்கக் கேட்கச் சிரித்தார். கார் முனை திரும்பும்வரை அவர் தோள் குலுங்குவது பின்கண்ணாடியில் தெரிந்தது.

இப்போது நெல்லித்தோப்பின் அந்தச் சந்தில் மாடே இல்லை. கொட்டகை இருந்த இடத்தில் மேலே மூன்று மாடி வந்துவிட்டது, கீழே ஸ்கூட்டர்கள் நிற்கின்றன. நடை வழியாகப் பசு வரும் என்று யாரும் செருப்பை ஒதுக்கி வைப்பதில்லை. எனக்கும் அலுவலகத்தில் நாற்காலியும் கம்ப்யூட்டரும் வந்து வருடங்கள் ஆகின்றன. காலையில் வாசலில் மொபெட் சத்தம் கேட்டால் இன்னும் தலையைத் தூக்கிப் பார்க்கிறேன். யாராவது ஒரு பெரியவர் மூச்சு வாங்க நின்று, மனைவிக்குத் தெரியாமல் என்னிடம் ஒரு ரகசியம் சொல்லமாட்டாரா என்று இருக்கிறது.